ஜூலியின் இரண்டு கட்டிகள்

செல்ல நாயின் தோலில் எழும் மேடுகளில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இந்தக் கேள்விக்கு ரப்பர் தோட்டத்துக் கொசுவரை பதில் தேட வேண்டியிருக்கிறது.

ஜூலிக்கு முதுகில் கட்டி வந்தபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளை ரோமத்தை விலக்கினால் புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி. அழுத்தினால் பற்பசை போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ பிதுங்கி வந்தது. சகிக்க முடியாத நாற்றம் வேறு.

ஜூலி அண்ணன் வீட்டு நாய். ஒன்பது வயதான பொமரேனியன். வீடு இருப்பது பாறசாலைக்குத் தெற்கே, ஒரு ரப்பர் தோட்டத்தைத் தாண்டி. களியக்காவிளை சந்தைக்கு நடந்தே போய் மீன் வாங்கி வந்துவிடலாம். கட்டியைப் பார்த்ததும் ஆளுக்கொரு வைத்தியம் தொடங்கினார்கள். அம்மை மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினாள். அடுத்த வீட்டுச் சேச்சி எருக்கம்பால் வைக்கச் சொன்னார். மைனி தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவினாள். அண்ணன் தனக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையில் பாதியை மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தான். கட்டி சில நாள் வற்றும், மறுபடி நிறையும். இப்படியே நான்கு மாதம் போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

மலையாளியான அந்தப் பெண் மருத்துவர் முதுகுக் கட்டியைப் பார்க்க அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "இது பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம். பிறகு வழக்கம்போல நாயைப் புரட்டி, கழுத்து, அக்குள், வயிறு என்று விரல்களை ஓட்டிக்கொண்டே வந்தார். பின்னங்கால்களுக்கு அருகில், கடைசிக்கு முந்தைய முலைக்காம்பின் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இது எத்ர நாளாயி?"

"அது பால்கட்டுல்லா டாக்டரே, ஒரு வருஷத்துக்கு மேல உண்டு" என்றாள் மைனி.

ஜூலி அதுவரை குட்டி போட்டதே இல்லை.

அந்தச் சின்ன உருண்டை பட்டாணியைவிடச் சற்றுப் பெரியது. தோலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. வலியில்லை, நாற்றமில்லை, சீழில்லை. முந்தின வருடம் தடுப்பூசிக்குப் போனபோது வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு "கொழுப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஊசி போட்டுப் பார்க்கவில்லை. நாற்றமடித்த கட்டிக்கு நான்கு வைத்தியம் பார்த்த குடும்பம், சத்தமில்லாமல் இருந்த கட்டியை மறந்தே போயிருந்தது.

சிறிய நாய் வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். கண்ணுக்கு அருவருப்பானது ஆபத்தானது என்றும், வலிக்காதது சாதுவானது என்றும் நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நாயின் தோலில் பெரும்பாலும் நேர் எதிராக இருக்கிறது.

எல்லைக் கிராமங்களில் பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு விழுந்தாலும் பேச்சு இரண்டு பக்கமும் கலந்தே ஓடுகிறது. மலையாளத்தில் தோலில் வீங்கினால் 'முழ', கொப்புளம் போலிருந்தால் 'குரு'. தமிழில் கட்டி, கழலை, மரு, பாலுண்ணி, கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி, சீழ்க்கட்டி என்று ஒரு பட்டியலே உண்டு. எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றுக்கும் 'முழ' என்ற ஒரே சொல்தான். 'பட்டிக்கு முழ வந்திருக்கு' என்று சொன்னால் அது உண்ணி கடித்த தடிப்பாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். உயிர் போகாத பத்து விஷயத்துக்கும் உயிர் போகும் ஒரு விஷயத்துக்கும் ஒரே பெயர்.

குட்டி நாய்கள் இந்தப் பகுதிக்கு மொத்தமாக வந்து சேர்ந்த கதை சுவாரஸ்யமானது. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு நாட்டு நாய், வாசலில் கிடக்கும். வளைகுடாப் பணத்தில் மதில் சுவரும் இரும்புக் கேட்டும் எழுந்தபோது 'பொமரேனியன்' உள்ளே வந்தது. அப்படி நாம் அழைப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகை. நம் வெயிலைத் தாங்கும், செலவு குறைவு. 1994இல் வெளியான 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்ற வெள்ளை ஸ்பிட்ஸ் கிரிக்கெட் ஆட்டத்துக்கே நடுவராக இருந்தது. அதற்குப் பிறகு இந்தியா முழுவதும் வெள்ளை நாய்க்குக் கிராக்கி. 2003இல் ஹச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னால் ஓடிய பக் நாயால் அடுத்த அலை. இப்போது ஷிட்சு, லாசா ஆப்ஸோ, டாஷண்ட். இவை கட்டிலில் படுக்கின்றன. மடியில் ஏறுகின்றன. நாட்டு நாயின் தோலில் எவன் தடவிப் பார்த்தான்? மடியில் இருப்பதால்தான் இவற்றின் கட்டிகள் கைக்குத் தட்டுப்படுகின்றன. தட்டுப்பட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஜூலியின் முதுகில் இருந்தது மயிர்க்கால் நீர்க்கட்டி. பெயரில்தான் நீர். உள்ளே இருப்பது தோலிலிருந்து உதிர வேண்டிய செதில்களும் எண்ணெய்ப் பசையும். மயிர்க்காலின் வாய் அடைபட்டால் அவை வெளியே வர வழியின்றி ஒரு பைக்குள் சேர்ந்துகொண்டே போகும். அழுத்தினால் வெளியே வருவது சீழ் அல்ல, இந்தக் குழம்புதான். பை உள்ளேயே இருப்பதால் மறுபடியும் நிறையும். வெளியே வந்தால் பாதகமில்லை. கையால் நசுக்கும்போது பை உட்புறமாக வெடித்தால்தான் வினை. உதிர்ந்த செதிலை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து எதிர்த்துப் போராடும். அதன்பின் உண்மையாகவே வீங்கும், சிவக்கும், புண்ணாகும். சுண்ணாம்பும் எருக்கம்பாலும் செய்வது அதைவிட மோசம். அவை தோலை வெந்துபோகச் செய்யும். நாய் அதை நக்கினால் வாயும் வேகும். ஷிட்சு, லாசா ஆப்ஸோ வகைகளுக்கு இந்தக் கட்டிகள் அதிகம் வரும். வயதான பூடில், காக்கர் ஸ்பேனியல் நாய்களுக்கு எண்ணெய்ச் சுரப்பி பெருத்து, காலிஃபிளவர் பூவைக் கிள்ளி ஒட்டியது போலச் சிறு மருக்கள் முளைக்கும். பார்க்கச் சகிக்காது, ஆனால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

குட்டி நாயின் வாயோரத்தில் கொத்தாக வரும் மருக்கள் வைரஸால் வருபவை. சில மாதங்களில் தாமாகவே உதிர்ந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட நாயின் காதிலோ காலிலோ சட்டைப் பொத்தான் போல, ரோமமில்லாமல் சிவப்பாக ஒரு மேடு வரும். ஹிஸ்டியோசைட்டோமா என்பார்கள். பெயர்தான் பயங்கரம், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் சுருங்கி மறையும். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் போல ஒன்று தட்டுப்பட்டால் சில வாரம் பொறுக்கலாம். இந்தப் பகுதியில் மழைக்காலம் ஜூனில் தொடங்கி, இடையில் கொஞ்சம் மூச்சுவிட்டு, டிசம்பர்வரை நீள்கிறது. ஈரம் காயாத ரோமத்துக்குள் உண்ணி கடித்த தடிப்பும் பூஞ்சையும் சீழ்க்கட்டியும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தேய்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தோல் உரிந்து வரும் நாய்களில் உண்ணியைவிட மண்ணெண்ணெயால் கெட்டவை எத்தனையோ.

இதுவரை சொன்னவை எல்லா ஊருக்கும் பொருந்தும். கேரளக் கரைக்கென்று தனியாக ஒரு கட்டி உண்டு. அதற்குள் புழு இருக்கும்.

டைரோஃபிலேரியா ரெபன்ஸ் என்பது அதன் பெயர். நாயின் தோலுக்கடியில் வாழும் நூல் போன்ற புழு. பெண் புழு 10 முதல் 17 சென்டிமீட்டர்வரை நீளும். ஆண் அதில் பாதிக்கும் குறைவு. இதன் நெருங்கிய உறவினரான இதயப் புழு நாயின் இதயத்தில் குடியேறிக் கொல்லும். இந்தியாவில் அதன் தொல்லை முக்கியமாக வடகிழக்கு மாநிலங்களில். ரெபன்ஸ் அவ்வளவு கொடியதல்ல. பல நாய்களில் வெளியே தெரியவே தெரியாது. சில நாய்களில் அங்கங்கே சிறு முடிச்சுகள், அரிப்பு, ரோமம் கொட்டுதல். இன்று இங்கே இருந்த முடிச்சு அடுத்த மாதம் வேறு இடத்தில் இருக்கும். புழு ஈனும் நுண்ணிய குஞ்சுகள் ரத்தத்தில் மிதக்கும். கொசு நாயைக் கடிக்கும்போது அவை கொசுவுக்குள் போகும். அங்கே வளர்ந்து, அடுத்த கடியில் அடுத்த நாய்க்குள் இறங்கும். அந்த நாயின் ரத்தத்தில் குஞ்சுகள் தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

அடுத்த கடி மனிதனுக்கும் விழலாம். மனித உடம்பு இந்தப் புழுவுக்குச் சரியான வீடல்ல. பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் பிழைக்கும், அதுவும் இனம் பெருக்காது. ஆனால் தோலுக்கடியில் கட்டியாக நிற்கும், அல்லது ஊர்ந்து போய்க் கண்ணின் வெள்ளைப் படலத்துக்கு அடியில் வந்து நெளியும். 'கண்ணிலிருந்து புழு அகற்றப்பட்டது' என்ற செய்தி மலையாளப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறதே, அதில் பெரும்பாலும் இதுதான் கதாநாயகன். இந்தியாவில் மனிதருக்கு வந்த ரெபன்ஸ் நோய் பற்றிய மருத்துவக் குறிப்புகளில் கேரளத்துக்கே முதலிடம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் ஏராளம். அங்கே ஒட்டுண்ணியியல் அறிஞர் ஏ.எஸ். திசாநாயக்கவும் அவரது சகாக்களும் 1990களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஹாங்காங்கில் 2012இல் விவரிக்கப்பட்ட ஒரு நெருங்கிய வகையும் கேரளத்தில் இருப்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஏன் இங்கே? பதில் தோட்டத்துக்குள் இருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் இந்தப் பக்கம் விளவங்கோட்டிலும் மலையடிவாரம்வரை ரப்பர். ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை. மழைக்காலத்தில் வெட்டு நின்றுவிட்டால் சிரட்டையை யாரும் கவிழ்ப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு கை நீர் தேங்கிய குட்டிக் குளம். பகலில் கடிக்கும் புலிக்கொசுவான ஏடிஸ் ஆல்போபிக்டஸ் முட்டையிட இதைவிட வசதியான இடம் கிடையாது. 2006, 2007 ஆண்டுகளில் கேரளத்தைச் சிக்குன்குனியா முடக்கிப் போட்டபோது ரப்பர்ச் சிரட்டை முதல் குற்றவாளிகளில் ஒன்றாக நின்றது. அதே கொசு இந்தப் புழுவையும் சுமக்கும். ஆகாயத்தாமரையின் வேரில் துளையிட்டு மூச்சுவிடும் மான்சோனியா கொசு குளங்களிலிருந்து வருகிறது. யானைக்கால் நோயின் ஒரு வகையைச் சேர்த்தலைப் பகுதியில் பரப்பிப் பெயரெடுத்தது அது. கியூலெக்ஸ் சாக்கடையிலிருந்து வருகிறது. இரவு பகல் இரண்டு ஷிஃப்டிலும் ஆள் இருக்கிறது.

இதைக் கேட்டதும் மைனி நாயை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். அது தேவையில்லாத பயம். கட்டியைத் தொட்டாலோ, நாயைக் கொஞ்சினாலோ, அது நக்கினாலோ இந்தப் புழு வராது. நடுவில் கொசு வேண்டும். நாயை விரட்டுவதைவிடச் சிரட்டையைக் கவிழ்ப்பது மேல். நாய்க்கு மாதம் ஒருமுறை தரும் தடுப்பு மருந்துகள் உண்டு. இங்கேதான் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. பசு மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் குப்பியில் மிச்சம் இருந்தால் அதைக் குத்துமதிப்பாக நாய்க்கும் போட்டுவிடும் பழக்கம். 300 கிலோ மாட்டுக்குத் தயாரித்த மருந்தில், 5 கிலோ நாய்க்கு ஒரு சொட்டு கூடினாலும் அளவு பல மடங்காகிவிடும். கோலி போன்ற சில இனங்களில் மரபணுக் குறை இருப்பதால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து மயக்கி வீழ்த்தும். கலப்பின நாய்க்குள் எந்தப் பாட்டனார் ஒளிந்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

சரி, கொல்லும் கட்டிகளுக்கு வருவோம். பக் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் மாஸ்ட் செல் கட்டி. ஒவ்வாமையின்போது அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமைன் என்ற ரசாயனத்தைச் சுமக்கும் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதால் வருவது. இது எந்த வேஷமும் போடும். கொசுக் கடி போலிருக்கும், கொழுப்புக்கட்டி போல மெத்தென்றிருக்கும், இன்று பெருத்து நாளை சிறுக்கும். சிறுத்துவிட்டதே என்று நாம் நிம்மதி அடைவோம். நசுக்கினால் உள்ளே இருக்கும் ஹிஸ்டமைன் கொட்டி, சுற்றிலும் சிவந்து வீங்கும். முற்றிய நிலையில் வாந்தியும் வயிற்றுப் புண்ணும் வரும். பக் நாய்க்கு இது ஒரே சமயத்தில் பல இடங்களில் வரலாம். ஆனால் அந்த இனத்தில் பெரும்பாலும் வீரியம் குறைந்த வகைதான்.

தெருவில் இன்னொன்று திரிகிறது. இணைசேரும்போது தொற்றும் புற்றுநோய். இனப்பெருக்க உறுப்பில் ரத்தம் கசியும் காலிஃபிளவர் போன்ற வளர்ச்சி. சில சமயம் மூக்கிலும் தோலிலும் வரும். இது வைரஸால் வருவதல்ல. புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவுகிறது. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டியை மற்றொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். 2019இல் 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளின் மரபணுவைப் படித்த ஆய்வு, இவை அனைத்தும் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள் என்று கணித்தது. அந்த நாய் செத்து எத்தனையோ யுகம் ஆகிவிட்டது. அதன் புற்று இன்றும் பாறசாலைத் தெருவில் ஓடிக்கொண்டிருக்கலாம். நல்ல வேளையாக, வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமடைகின்றன. பாதியில் நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை. கேட் திறந்திருந்த ஒரு மதியத்தில் வெளியே போய்வந்த வீட்டு நாய்க்கும் இது வரும்.

ஆனால் பெண் நாய்களில் அதிகம் காணப்படும் கட்டி ஜூலிக்கு வந்ததுதான். முலைச் சுரப்பிக் கட்டி. நாய்க்கு வழக்கமாக ஐந்து ஜோடி முலைகள். பின்னால் உள்ள இரண்டு ஜோடிகளில்தான் கட்டிகள் அதிகம். அவற்றில் ஏறக்குறையப் பாதி தீயவை என்று பழைய நூல்கள் சொல்லும். சிறு இன நாய்களில் அந்தப் பங்கு குறைவு என்று பிந்தைய ஆய்வுகள் ஆறுதல் சொல்கின்றன. இதற்கும் கருத்தடை அறுவைக்கும் உள்ள தொடர்பு 1969இல் அமெரிக்காவில் வெளியான ஷ்னைடர் குழுவின் ஆய்வில் தெரியவந்தது. கருத்தடை செய்யாத நாய்களுக்கு உள்ள ஆபத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் சினைப்பருவத்துக்கு முன்பே செய்த நாய்களுக்கு அது 0.5. முதல் பருவத்துக்குப் பின் செய்தால் 8. இரண்டாவதற்குப் பின் செய்தால் 26. அந்தக் கணக்குக்கு ஆதாரம் போதாது என்று 2012இல் ஒரு மறுஆய்வு கேள்வி எழுப்பியது உண்மை. இருந்தாலும் சீக்கிரம் செய்தால் நல்லது என்ற திசையை மறுக்கும் மருத்துவர்கள் குறைவு. கருப்பைச் சீழ் என்ற உயிர்க்கொல்லி நோயும் அதோடு தீர்ந்துவிடும்.

எல்லைக் கிராமங்களில் இதைச் சொல்லிப் பாருங்கள். 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்லா' என்பார்கள். அண்ணனும் அதையேதான் சொன்னான். மாப்பிள்ளை தேடிக்கொண்டே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

ஒரு கட்டி எந்தக் கட்சி என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அனுபவசாலி மருத்துவராலும் முடியாது. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, வருவதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தடுப்பூசிக்கு ஆகும் வலிதான். கொழுப்புக்கட்டி என்றால் எண்ணெய்த் துளிகள். நீர்க்கட்டி என்றால் செதில்கள். மாஸ்ட் செல் என்றால் ஊதா மணிகள் நிரம்பிய வட்டச் செல்கள். அதைச் சில நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடலாம். முலைக் கட்டியில் மட்டும் ஊசிச் சோதனை அவ்வளவு நம்பகமானதல்ல. வெட்டியெடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்புவதே வழக்கம். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதத்துக்கு மேல் மறையாமல் நின்றாலோ ஊசி போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 'கொழுப்புதான்' என்று விரலால் தீர்ப்பு சொல்லும் மருத்துவரிடம் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க நமக்குக் கூச்சம். மனித மருத்துவரிடமே கேட்பதில்லையே.

எல்லையில் இருப்பதற்கு ஒரு வசதி உண்டு. வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரம், தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் நாகர்கோவில். ஒரு இடத்தில் திருப்தியில்லை என்றால் இன்னொரு மாநிலத்துக்கே போய்விடலாம். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்களும், 1955இல் தொடங்கிய மண்ணுத்திக் கல்லூரியின் மாணவர்களும் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். வசதிக் குறைவு என்னவென்றால், சீட்டு ஒரு மொழியில், நாயின் பழைய கதை இன்னொரு மொழியில். 'பால்கட்டு', 'கொழுப்பு', 'முழ' என்று ஜூலியின் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரே கட்டிக்கு மூன்று பெயர் எழுதியிருந்தது. அளவு ஓர் இடத்திலும் இல்லை. இப்போது மைனி ஒரு தாளில் நாயின் படம் வரைந்து, கட்டி உள்ள இடத்தில் புள்ளி வைத்து, பக்கத்தில் தேதியும் அளவும் எழுதுகிறாள். ஸ்கேல் இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்கிறாள். மொழி தேவைப்படாத சீட்டு அது.

ஜூலிக்கு முதலில் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். முலைப் புற்று பரவினால் வழக்கமாகப் போகும் இடங்களில் ஒன்று நுரையீரல். அங்கே ஒன்றும் தெரியவில்லை. கட்டி ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தது. மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கும் என்றார் மருத்துவர். அறுவை நாளன்று அண்ணன் வெளியே வராந்தாவில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தான். கோவில் என்று நினைத்துவிட்டானோ என்னவோ. அந்தப் பக்கத்து முலைகளையும், அதே மயக்கத்தில் கருப்பையையும் எடுத்தார்கள். மருத்துவர் வெளியே வந்து கையுறையைக் கழற்றியபடி, "கழிஞ்ஞு, குழப்பமில்ல" என்றார்.

இரண்டு வாரம் கழித்துத் திசுச் சோதனை முடிவு வந்தது. தீயதுதான். ஆனால் வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல்கள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். இதை எழுதும்போது அறுவை முடிந்து 14 மாதம் ஆகிறது. வயிற்றில் நீளமான தழும்பு. மைனி ஞாயிறுதோறும் மீன் அறுத்துக் கை கழுவியதும் நாயைப் புரட்டிப் போட்டுக் கழுத்திலிருந்து வால்வரை விரலை ஓட்டுகிறாள். மீன் வாசனைக்காகவே ஜூலி அசையாமல் படுத்துக்கிடக்கிறது.

முதுகுக் கட்டியை எடுக்கவில்லை. அறுவையின்போதே எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, மயக்க நேரத்தை அதற்காக நீட்ட வேண்டாம் என்றுவிட்டார் மருத்துவர். சில மாதத்துக்கு ஒருமுறை அது நிறைகிறது, தானாகவே கசிகிறது. அம்மை மட்டும் இன்னும் சுண்ணாம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஏக்கத்தோடு பார்க்கிறாள்.